மதம் போருக்குக் காரணமா, சாக்கா?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன், "உலகத்தில் நடந்த போருக்கெல்லாம் மதம்தான் காரணம்" என்கிறான். "மதம் வெறும் சாக்கு, மண்ணுக்கும் பதவிக்கும்தான் ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள்" என்கிறார் என் கணவர். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. இப்போது மகன் கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

'எல்லாப் போரும்' என்று தொடங்கினால் விடியவிடியப் பேசினாலும் தீராது. முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற பிரிட்டிஷ் மன்னரும் ஜெர்மன் பேரரசர் கெய்சரும் இருவருமே புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், அத்தை மகன், மாமன் மகன் முறை வேறு. உங்கள் மகனுக்கு அந்த ஒன்றே போதும். 'சாக்கு' என்ற வாதம் அவ்வளவு எளிதில் தீராது. அதற்கு, மதப்போர் என்றே பெயர் வாங்கிய ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் மோதி, 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நாடுகளைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் அது.

உங்கள் கணவருக்கு அங்கே நிறையச் சான்று கிடைக்கும். பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியு ஒரு கத்தோலிக்க கர்தினால். சொந்த நாட்டுப் புராட்டஸ்டன்டுகளை லா ரொஷேல் நகரில் முற்றுகையிட்டு 1628-ல் பணியவைத்தவர். அவரே 1631-ல் புராட்டஸ்டன்ட் சுவீடனுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் தாலர் வெள்ளி நாணயம் தருவதாக ஒப்பந்தம் போட்டார், ஜெர்மானிய நாடுகளுக்குத் தலைவராக இருந்த கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துப் போரிட! பிரான்சைச் சுற்றிவளைத்திருந்த, அந்தப் பேரரசரின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தை ஒடுக்குவதுதான் அவருக்கு முக்கியம். 1643-ல் சுவீடன், தன்னைப் போலவே லூத்தரன் (புராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு) நாடான டென்மார்க் மீதே பாய்ந்தது. கூலிப்படை வீரர்களோ சம்பளம் வராதபோது எந்த மதத்தவர் ஊர் என்று பார்த்துக் கொள்ளையடிக்கவில்லை.

ஆனால் அதே போரில் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டும் இருக்கிறார். 1629-ல் அவர் கை ஓங்கியிருந்தது. அவரை எதிர்த்த டென்மார்க் தோற்றுப்போய்ச் சமாதானப் பேச்சுக்கு வந்திருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவரோ, 1552-க்குப் பிறகு புராட்டஸ்டன்டுகள் வசம் போன திருச்சபைச் சொத்துகளையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று ஆணை போட்டார். அதுவரை அவர் பக்கம் நின்ற சாக்சனி போன்ற லூத்தரன் அரசுகள்கூட மிரண்டன, பிறகு சுவீடனோடு சேர்ந்தன. சில மறைமாவட்டங்கள் (ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள்) அவர் மகனுக்குப் போயின என்பதும் உண்மைதான். ஆனாலும் இளவயதிலேயே தன் ஆட்சிப் பகுதியிலிருந்து புராட்டஸ்டன்ட் போதகர்களை வெளியேற்றியவர் அவர், கடவுளுக்குத் தான் பட்ட கடன் இது என்று மனதார நம்பியவர். கையில் இருந்த வெற்றியையே பணயம் வைத்து ஒருவர் செய்ததைச் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். 1631 மே மாதம் அவர் தரப்புப் படை மக்டபர்க் என்ற புராட்டஸ்டன்ட் நகருக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 1648-ல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா பகுதியில் சமாதானம் பேசியவர்கள் மண்ணைப் பங்கிட்டதோடு எழுந்துபோகவில்லை. எந்தக் கோயில் யாருக்கு என்பதற்கு 1624-ஆம் ஆண்டு நிலவரத்தை அளவுகோலாக வைத்தார்கள். பேரரசு மன்றத்தில் மத விவகாரங்களைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். வெறும் சாக்காக இருந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா?

மண்ணுக்காகச் சண்டையிடுபவர் பாதியை வாங்கிக்கொண்டு போவார். கடவுளின் பங்கில் பாதியை விட்டுக்கொடுக்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைப்பவரிடம் யார் பேரம் பேச முடியும்? மதம் போரைத் தொடங்காத இடங்களில்கூட அதை முடியவிடாமல் செய்தது இப்படித்தான். நானும் சாமி கும்பிடுகிறவள், அதனாலேயே 'வெறும் சாக்கு' என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நம்பிக்கையில் எது இப்படித் திரும்பக்கூடும் என்று பார்க்கும் பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது. உங்கள் கணவர் இதைத் தன் வாயால் மகனிடம் சொன்னால், அந்தப் பிள்ளை காதுகொடுத்துக் கேட்பான்.

கோயிலுக்கு வராததை மட்டும் இந்த வாதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். முப்பதாண்டுப் போரைப் பற்றிப் பேசி யாரும் கோயிலுக்குத் திரும்புவதில்லை. அப்பா வீட்டில் இல்லாத ஒருநாள், ஏன் வரப் பிடிக்கவில்லை என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். அதுவரை வெள்ளிக்கிழமை நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.