முதலில் வந்தவரே பதிலாள் ஆன கதை

கேள்வி: த்ரீ ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை மூவர் குழுவில் கர்லிக்குப் பதிலாக வந்த ஷெம்ப் வெறும் ஒப்புக்குச் சப்பாணிதானே?

பதில்: அடடா, தலைகீழாகச் சொல்கிறீர்களே! ஷெம்ப்தான் முதலில் இருந்தவர். குழுவில் இருந்த மோவுக்கு அண்ணன், கர்லிக்கும் அண்ணன். டெட் ஹீலி என்ற நகைச்சுவை நடிகரோடு மேடைகளில் அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே குழுவில் இருந்தார். ஹீலியோடு ஒத்துப்போகாமல் 1932-ல் விலகினார். அந்தக் காலி இடத்தில்தான் கடைக்குட்டித் தம்பி கர்லி மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தார். ஷெம்ப் தன் பாட்டுக்குத் தனியாக நடித்து நல்ல பெயர் வாங்கிவிட்டார். 1946-ல் கர்லிக்குப் பக்கவாதம் வந்ததும், குடும்பத்துக்காகத்தான் திரும்பி வந்தார். பலரும் கர்லியோடு ஒப்பிட்டே இவரைக் குறைத்துப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கர்லி ஒரு குழந்தை மாதிரி. ஷெம்ப் பயந்தாங்கொள்ளி, அடி விழுவதற்கு முன்பே முகம் கோணி, எண்ணெய் தடவி வாரிய முடி கண்ணில் வந்து விழும் பாருங்கள், அந்த நேரக் கணக்கு எல்லோருக்கும் வராது. 1947-ல் வந்த ஒரு குறும்படத்தில், ரயிலில் தூங்கும் பயணியாகக் கர்லி ஒரு நிமிடம் தலைகாட்டுவார், அதுவும் தலை நிறைய முடியோடு! சகோதரர்கள் மூவரும் சேர்ந்து நடித்தது அதில் மட்டும்தான்.

1955 நவம்பரில் ஷெம்ப் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அப்புறமும் படக் கம்பெனி விடவில்லை. பழைய காட்சிகளோடு, ஜோ பால்மா என்ற நடிகரை ஷெம்ப் மாதிரி முதுகைக் காட்டி நிற்கவைத்து, இன்னும் 4 படம் எடுத்துத் தள்ளிவிட்டார்கள்!