இலங்கையில் வருசம் எத்தனை மணிக்குப் பிறக்கும்?

"உங்கள் நாட்டில் புத்தாண்டை எப்படிக் கொண்டாடுவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: "இந்த முறை எத்தனை மணிக்காம்?" சூரியன் மீனத்தை விட்டு மேடத்துக்குள் போகும் நேரம்தான் பிறப்பு. அது விடியப்புறமாகவும் இருக்கும், மத்தியானமாகவும் இருக்கும். பெரும்பாலும் ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான விடுமுறை.

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் அந்த நேரத்துக்கே சண்டை. அப்பா திருக்கணித பஞ்சாங்கம், அம்மம்மா வாக்கிய பஞ்சாங்கம். இரண்டும் ஒரே நிமிடத்தைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் முழுக்கு அம்மம்மாவின் கணக்கில்தான்.

பிறப்புக்கு முன் 4 மணித்தியாலம், பின் 4 மணித்தியாலம் புண்ணிய காலம். அதற்குள் மருத்துநீர் வைத்து முழுகவேண்டும். கோயிலில் ஐயர் காய்ச்சியதைப் போத்தலில் வாங்கி வருவோம். தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மிளகு, சுக்கு, மஞ்சள், பால், அதோடு கோசலமும் கோமயமும், அதாவது பசுவின் சிறுநீரும் சாணமும். மணத்தை நீங்களே ஊகியுங்கள். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. எந்த இலை, எந்த நிறத்தில் உடுப்பு என்பதையெல்லாம் பஞ்சாங்கமே சொல்லிவிடும். அம்மம்மா உச்சியில் தடவும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிறகு கிடைக்கப்போகும் கைவிசேஷத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். வெற்றிலையோடு வரும் அந்தப் புதுக் காசுத்தாளை மடிக்கவே மனம் வராது.

பிறகு கொழும்புக்கு வந்தோம். பக்கத்து வீடு சிங்களக் குடும்பம். அவர்களுடைய அவுருதுவில், அதாவது சிங்களப் புத்தாண்டில், 'நொனகதய' என்று ஒரு நேரம் உண்டு, 12 மணித்தியாலம் 48 நிமிடம். அதில் பிறப்புக்கு முந்திய முதற்பாதி முழுக்க வேலையும் கிடையாது, சமையலும் கிடையாது, பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போய்வருவது மட்டும்தான். வருசம் பிறந்தபிறகு, குறித்த நேரத்தில் குறித்த திசையைப் பார்த்து அடுப்பு மூட்டி, புதுச்சட்டியில் பால் பொங்கவிடுவார்கள். உடனே தெருவெல்லாம் வெடி. எங்கள் பொங்கலுக்கும் அவர்கள் பாலுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

ஒரு சங்கடம்தான். எங்களுக்குப் புண்ணிய காலத்தில் அடுப்புக்குத் தடை இல்லை. ஒரு வருசம் அம்மா வடை சுட்டுக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுச் சின்னவன் மதிலால் எட்டிப் பார்த்தான். அவன் வீட்டில் அடுப்பு மூட்ட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அம்மா இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றி நீட்டினா. அவன் திரும்பித் தன் வீட்டு வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு, மதிலுக்கு அடியில் குந்தி இருந்துகொண்டான்.