கரப்பானுக்குப் பூஞ்சணப் பொடி: வீட்டுக்குள் தூவலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வாடகை வீடு. சமையலறை முழுக்கச் சின்னக் கரப்பான். பூச்சியைக் கொல்லும் பூஞ்சணம், முழுக்க இயற்கை என்று சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்து வெள்ளைப் பொடி விற்றார். மகளுக்கு வீசிங் உண்டு. தூவலாமா?

பதில்: தூவாதீர்கள். மகளுக்கு வீசிங் என்கிறீர்கள். மூச்சில் ஏறும் எந்தப் பொடியும் அந்த வீட்டுக்கு ஆகாது.

பவேரியா, மெட்டாரைசியம் என்ற இரண்டு பூஞ்சணங்களும் பூச்சியைக் கொல்வது உண்மைதான். அவற்றின் வித்து கரப்பான் மேல் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே வளரும். ஆனால் முளைக்க நல்ல ஈரம் வேண்டும். பங்குனி வெயிலில் உங்கள் அடுப்பு மேடைக்குப் பின்னால் ஈரம் ஏது? ஒட்டினாலும் சாக ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகும். அதற்குள் ஒரு முட்டைக்கூட்டிலிருந்து 30, 40 குஞ்சு வந்துவிடும். ஏற்காட்டில் காபிக் காய்த்துளைப்பானுக்கு இதைத்தானே அடிக்கிறார்கள் என்பார் விற்பவர். அது நிழலும் மழை ஈரமும் உள்ள தோட்டம்.

அவரிடம் லேபிள் கேட்டீர்களா? பதிவு எண், காலாவதி தேதி, எந்தப் பூச்சிக்கு என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். வயலுக்கு விற்கும் பொடியை டப்பா மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். இது உயிருள்ள சரக்கு; வெயிலில் பைக்கில் சுற்றினால் செத்துவிடும், பிறகு வெறும் டால்க் மாவுக்குத்தான் காசு. 1968லேயே பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தாயிற்று. உரக்கடைக்காரரிடம் உரிமம் கேட்கிறார்கள், வாசல் வாசலாக விற்பவரை யார் கேட்கிறார்கள்? ஏமாந்த பிறகு புகார் கொடுக்க உங்களைத்தான் அலைய விடுவார்கள்.

ஒரு விதிவிலக்கு. ஊரில் தென்னையும் எருக்குழியும் இருந்து, வாங்கியது லேபிளோடு இருக்கும் மெட்டாரைசியம் என்றால் வீணாக்க வேண்டாம். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் வளரும். லேபிளில் உள்ள அளவில் எருவில் கலந்து, நிழல் போட்டு, ஈரம் காயாமல் பாருங்கள். மெட்டாரைசியம் மட்டும்தான், பவேரியா இல்லை. பூஞ்சணக்கொல்லி எதையும் அந்தக் குழியில் ஊற்றாதீர்கள். வித்தும் சேர்ந்து செத்துப்போகும். லேபிள் இல்லையென்றால் எருவுக்கும் வேண்டாம்.

வீட்டுக்குக் கரப்பான் தின்று சாகும் மருந்து ஜெல் போதும். அலமாரிக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் அடியில் பட்டாணியைவிடச் சிறிய பொட்டுகளாக, மகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. அப்புறம், சிங்க் குழாய் சொட்டினால் வீட்டுக்காரரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதுக் குஞ்சுகளுக்காக மறுபடி ஜெல் வையுங்கள்.