சின்ன ஃபோர் பை ஃபோர் கார் எடுத்தால் பனிக்குப் போதுமா? வின்ரர் ரயரும் வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்குச் சுவிஸில் மலைப்பக்கம் வேலை கிடைத்திருக்கிறதாம். பழைய சின்ன ஃபோர் பை ஃபோர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். நாலு சக்கரமும் இழுக்கிற காருக்கு வின்ரர் ரயர் வீண்செலவுதானே என்று கேட்கிறார்.

தம்பி, வீண்செலவு இல்லை. (தங்கச்சி என்றால் மன்னிக்கவும், எழுத்தைப் பார்த்துத் தம்பி என்று நினைத்துக்கொண்டேன்.) புது வேலை, முதல் வின்ரர், கையில் காசு மட்டுமட்டு, நாலு ரயர் விலையைக் கேட்டதும் நெஞ்சு அடைத்திருக்கும். எனக்கும் அடைத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இங்கே வந்தது 1991இல். அன்றிலிருந்து ஹொட்டேல் குசினிதான். 2012இல் அடெல்போடனில் வேலை கிடைத்தது, வீடு ஃபுருட்டிகனில். பேர்ன் மாநிலத்து மலைப்பள்ளத்தாக்கு அது. ஃபுருட்டிகன் வரைக்கும் ரயில் இருக்கிறது, அடெல்போடனுக்கு இல்லை. 800 மீற்றர் உயரத்திலிருந்து 1350 மீற்றருக்கு ஏற வேண்டும். பஸ் ஓடுகிறது, ஆனால் குசினி வேலை பஸ் நேரம் பார்த்து முடியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே விடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்பவும் போய் நிற்க வேண்டும். இதற்குச் சிம்மர்ஷ்டுண்டே, ஜெர்மனில் ‘அறை நேரம்’, என்று ஒரு பெயர், ஏதோ நமக்கு ஓய்வு தருகிற மாதிரி. இரவு பத்தரைக்குத்தான் கடைசிச் சட்டி கழுவி முடியும். ஆகவே கார் இல்லாமல் முடியாது.

ஒரு கராஜில் 2005ஆம் ஆண்டு ஃபியற் பண்டா ஃபோர் பை ஃபோர் ஒன்று நின்றது. 1.2 லீற்றர் எஞ்சின், 60 குதிரை. இந்த மலைகளில் பண்டா என்றால் ஒரு மரியாதை உண்டு. 1983இல் வந்த முதல் பண்டா ஃபோர் பை ஃபோரை, ஒஸ்ரியாவின் ஸ்ரெயர் புக் நிறுவனம் செய்து கொடுத்த இழுவைப் பாகங்களோடு வந்த அந்தச் சதுரப் பெட்டியை, இன்னும் ஓட்டுகிற கிழட்டு விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். பின்னால் பால் கான், பக்கத்தில் நாய். என்னுடையது அதற்கு அடுத்த தலைமுறை. சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கினால் நடுவில் இருக்கிற கப்ளிங்குக்குள் சிலிக்கோன் எண்ணெய் இறுகி, பின் சக்கரத்துக்கும் இழுவை போகும். நீங்கள் ஒரு பொத்தானும் அமுக்கத் தேவையில்லை.

ரயர் எப்படி என்று கேட்டேன். “ஃபோர் பை ஃபோர் தானே, இந்த ரயரே இன்னும் இரண்டு வின்ரர் தாங்கும்” என்றார் விற்றவர். நம்பினேன். அவருடைய பெயரையோ கராஜ் பெயரையோ சொல்லப் போவதில்லை, கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

இந்தக் காரால் எனக்குக் கொஞ்சநஞ்ச அவமானமா? மனைவியின் தம்பி, என் மச்சான், முதல் நாளே சுற்றிவந்து பார்த்துவிட்டு “அத்தான், இது கார் இல்லை, மரக்கறிப் பெட்டி” என்றான். அவன் வைத்திருந்தது பெரிய ஜெர்மன் கார், லீசிங்கில். கதை கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். நம்மவர்களுடைய சாமத்திய வீடு, கலியாண வீடு என்று மண்டப வாசலில் போய் நின்று பாருங்கள். மாதம் 700 பிராங், 800 பிராங் லீசிங் கட்டுகிற கார்களாக வந்து நிற்கும். உள்ளே இருக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போலக் குசினியிலும் துப்புரவு வேலையிலும் நிற்கிறவர்கள். அதே ஆள் வீட்டில் பிள்ளைக்கு ஸ்கீ முகாமுக்குக் காசு கட்ட யோசிப்பார். நான் பண்டாவை மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒளித்து நிறுத்திய நாட்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. சரி, விடுங்கள்.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் மச்சான் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் ஒழுங்கை கொஞ்சம் ஏற்றம். அவனுடைய கார் பின் சக்கரம் இழுக்கிறது. பாதி ஏற்றத்தில் பின்பக்கம் இடமும் வலமும் ஆடி, அப்படியே நின்றுவிட்டது. நான் பண்டாவைக் கொண்டுபோய்க் கயிறு கட்டி இழுத்தேன், தம்பி. அறுபது குதிரை! பக்கத்து வீட்டுக்காரர்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் பேசிய பேச்சை மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஜனவரியில் நடந்ததுதான் கேள்விக்கான பதில்.

ஜனவரியில் அடெல்போடனில் ஸ்கீ உலகக் கிண்ணப் போட்டி நடக்கும். ஊர் நிரம்பி வழியும், குசினியில் மூச்சு விட நேரமில்லை. எங்கள் ஹொட்டேல் பிரதான வீதியிலிருந்து தள்ளி, 12 சதவீதம் என்று பலகை போட்ட ஒரு சரிவுக்கு மேலே. அன்று பின்னேரம் அந்தச் சரிவில் ஏறும்போது வழுக்கல் ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் சுற்றவில்லை, மூக்கு இழுபடவில்லை, வீட்டு முற்றத்தில் ஏறுகிற மாதிரி ஏறியது.

அங்கேதான் நான் ஏமாந்தேன். முன் சக்கரம் மட்டும் இழுக்கிற கார் கோள் சொல்லும் கார். வீதி வழுக்கினால் கிளட்சை விட்ட உடனேயே சக்கரம் சுற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்களும் பயந்து மெதுவாகப் போவீர்கள். ஃபோர் பை ஃபோர் அந்தச் செய்தியை உங்களிடம் வரவிடாது. ஏறுவதற்கு நாலு சக்கரமும் உழைக்கும். ஆனால் நிற்பதற்கு? உலகத்தில் எல்லாக் காரும் நாலு சக்கரத்தாலும்தான் பிரேக் பிடிக்கிறது. மச்சானுடைய காரும் நாலு, என்னுடையதும் நாலு. அந்த இடத்தில் உங்களுக்கு உதவிக்கு இருப்பது ரயர் மட்டும்தான்.

இரவு பத்தே முக்காலுக்கு வெளிக்கிட்டேன். பகல் வெயிலில் மேல் ஸ்னோ கொஞ்சம் இளகி, கார்கள் ஏறி இறங்கி அழுத்தி, பொழுது பட்டதும் இறுகி, லைட் வெளிச்சத்தில் வீதி பீங்கான் கோப்பை மாதிரி மினுங்கியது. வேகம் 30 கூட இல்லை. வளைவுக்கு முன்னால் பிரேக்கை அமுக்கினேன். காலுக்குக் கீழே ஏபிஎஸ், அதுதான் சக்கரம் இறுகி நிற்காமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற சாமான், கடகடவென்று அடித்தது, வண்டி தன் பாட்டுக்குப் போனது. கழுவிய குசினித் தரையில் கைதவறி விழுந்த சவர்க்காரக் கட்டி போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டேன், கார் நேரே போகிறது. பயத்தைவிட ஒரு வெட்கம்தான் முதலில் வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று யோசிக்க நேரம் இருந்தது. பக்கத்துச் சீற்றில் மனைவிக்கென்று கட்டிக்கொண்டு வந்த ரோஸ்டி (உருளைக்கிழங்குப் பொரியல்) டப்பாவை இடது கையால் பிடித்துக்கொண்டேன், ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஸ்னோ அள்ளுகிற வண்டிக்கு வழி தெரிய வீதியோரம் மரக்கம்பு நட்டிருப்பார்கள். அதில் ஒன்றை முறித்துக்கொண்டு ஸ்னோ குவியலுக்குள் மூக்கை விட்டு நின்றது. குவியலுக்குள் கல்லும் இருந்திருக்கிறது. ரேடியேற்றர் போய்விட்டது, பம்பரும் ஒரு பக்க லைட்டும் போய்விட்டன.

கொஞ்ச நேரத்தில் உப்புப் போடுகிற வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி “காயமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ரோர்ச்சை ரயரில் அடித்தார். குனிந்து பக்கவாட்டைத் துடைத்து எதையோ வாசித்தார். ரோர்ச்சை அப்படியே என் முகத்துக்குத் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அவர் வாசித்தது 2205. ரயரில் நீளமான குறியீடு ஒன்று இருக்கும், அதன் கடைசி நாலு இலக்கம். 2005ஆம் ஆண்டு இருபத்திரண்டாம் வாரம் செய்த ரயர். கார் பிறந்தபோது போட்டது! றப்பர் ஏழரை வருடத்தில் காய்ந்து கட்டையாகிவிட்டது. பக்கத்தில் எம் பிளஸ் எஸ் (சேறும் ஸ்னோவும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து இருந்ததுதான், அதைக் காட்டித்தான் விற்றவரும் சமாளித்தார். அந்த எழுத்தை உற்பத்தியாளரே தன் பாட்டில் போட்டுக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்துத் தருகிற குறி வேறு: மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு ஸ்னோ பூ. ஜெர்மனியில் 2024 ஒக்ரோபர் 1இலிருந்து வின்ரர் ரயர் என்று கணக்கில் எடுப்பது அந்தக் குறியை மட்டும்தான். மலிவுச் சாமான் வாங்க எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். கராஜ் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். காய்ந்த வீதியில் 40இல் போகிற கார் பிரேக் பிடித்தபின் எட்டு மீற்றர் அளவில் நிற்குமாம். ஐஸில் அறுபது மீற்றருக்கு மேல். அதுவும் சமதரையில். “உங்கட சரிவு 12 சதவீதம். ஐஸின் பிடி பத்துச் சதவீதம் அளவுதான். கீழே இழுக்கிறது பன்னிரண்டு, தடுக்கிறது பத்து. அப்பா, நீங்கள் பிரேக் பிடிச்சாலும் வேகம் கூடும்” என்றான். பில்லின் முன்பக்கத்தில் 2,300 பிராங் என்று இருந்தது. அரைக் காஸ்கோ என்கிற பகுதிக் காப்புறுதி தானாகப் போய் மோதியதற்குத் தராது, முழுவதும் என் கையிலிருந்து. அதற்குப் பிறகு வாங்கிய நாலு ரயரும் சேர்த்து 480.

இனி ஒருவர் வந்து “சுவிஸில் வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயமே இல்லை” என்பார். உண்மை, இல்லை. ஆனால் பொருத்தமில்லாத ரயரோடு இடித்தால் காப்புறுதிக்காரர் பணத்தைக் குறைக்கலாம், திருப்பியும் கேட்கலாம். ரயரில் 1.6 மில்லிமீற்றர் ஆழத் தவாளிப்பு சட்டத்துக்குப் போதும், ஸ்னோவுக்குக் குறைந்தது நாலு வேண்டும். இன்னொருவர் நோர்வேயிலிருந்து ஆணி ரயரைப் பற்றிச் சொல்வார், அவர் அங்கே சந்தோஷமாக ஓட்டட்டும். வின்ரர் ரயர் போட்டால் ஐஸில் பறக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. சுத்தமான கிளாட்ஐஸில், அதாவது கண்ணாடி மாதிரி வழுக்குகிற வெறும் ஐஸில், எதுவும் பெரிதாக உதவாது. ஆனால் இங்கே அநேகமான நாட்கள் வீதியில் இருப்பது அழுத்துப்பட்ட ஸ்னோ, அதில் நல்ல ரயருக்கும் கட்டை ரயருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

சின்னக் காரை நான் குறை சொல்லவில்லை, பிறகும் ஆறு வருடம் அதே பண்டாதான். ஒரு தொன் அளவு எடை, ஒடுங்கிய ரயர், ஸ்னோவை வெட்டிக்கொண்டு போகும். பஸ் எதிரே வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும், புதைந்தால் இரண்டு பேர் தள்ளினால் போதும். காரில் ஏறி வெளிக்கிட்டதும் ஆள் இல்லாத நேர்ப்பாதையில் இருபதில் வைத்து ஒருமுறை பிரேக்கை அமுக்கிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஃபோர் பை ஃபோர் மறைக்கிற செய்தியை அப்படித்தான் கறக்க வேண்டும். இறங்கும்போது சரிவு தொடங்குமுன் இரண்டாம் கியர், இன்னும் மோசம் என்றால் முதலாவது. சங்கிலி ஒரு சோடி டிக்கியில் கிடக்கட்டும். நீல வட்டப் பலகையில் சங்கிலி போட்ட ரயர் படம் கண்டால், ஃபோர் பை ஃபோருக்கு விலக்கு என்று கீழே துணைப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கும் கட்டாயம். சங்கிலியை வீட்டுக்கு முன்னாலேயே ஒரு காய்ந்த நாளில் பூட்டிப் பழகுங்கள். மைனஸ் பத்தில், இருட்டில், கையுறையோடு அதைப் படிக்க முடியாது.

கார் பார்க்கப் போகும்போது அந்த நாலு இலக்கத்தை நாலு ரயரிலும் வாசியுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் அடித்திருப்பார்கள். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், காருக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ரோர்ச் கொண்டு போங்கள், பழைய ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.