ஹாங்காங் குதிரைப் பந்தயத் திடலுக்குச் செல்லும் வழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் தங்கப்போகிறேன். குதிரைப் பந்தயம் பார்க்க எந்த ரயிலில் ஏற வேண்டும்?

பதில்: என்றைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வழி அமையும். அந்நகரில் பந்தயத் திடல்கள் இரண்டு. ஹாங்காங் தீவின் நடுவே உள்ள ஹாப்பி வேலியில் பெரும்பாலும் புதன்கிழமை இரவுகளிலும், 1978-இல் திறக்கப்பட்ட ஷா டின் திடலில் பெரும்பாலும் வார இறுதிப் பகல்களிலும் குதிரைகள் ஓடுகின்றன. பந்தயப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடுவதால், ஆகஸ்டில் போகிறவர் எந்த வழியில் போனாலும் வெறும் புல்தரையைத்தான் பார்ப்பார். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, பந்தயங்களை நடத்தும் ஜாக்கி கிளப்பின் பந்தய நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹாப்பி வேலிக்கு மெட்ரோ நல்லதா, டிராம் நல்லதா?

பதில்: நேரம் இருந்தால் டிராமையே பரிந்துரைப்பேன். 1904-இல் தொடங்கிய டிராம் சேவையின் இந்த ஈரடுக்கு வண்டிகள் மெதுவாகச் செல்பவை. ஆனால் திடலையொட்டிய சாலையிலேயே உங்களை இறக்கிவிடும். முகப்பில் ‘ஹாப்பி வேலி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுவது முக்கியம். கிழக்கே செல்லும் மற்ற டிராம்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விடும். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகே கட்டணம் செலுத்த வேண்டும். நம்மூர்ப் பேருந்தில் நடத்துனரை எதிர்பார்த்துப் பழகியவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவதுண்டு. எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஒன்றுதான்; நாணயமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை கிடைக்காது.

அவசரமென்றால் ஐலண்ட் தடத்து மெட்ரோவில் காஸ்வே பே நிலையத்தில் இறங்கி, டைம்ஸ் ஸ்கொயர் பக்கத்து வாயிலான ‘ஏ’ வழியாக வெளியேறுங்கள். அங்கிருந்து திடல் ஏறத்தாழ பதினைந்து நிமிட நடைதான்.

கேள்வி: வரைபடத்தில் ‘ரேஸ்கோர்ஸ்’ என்றே ஒரு நிலையம் காட்டுகிறது. ஹாப்பி வேலிக்கு அதில் இறங்கலாமா?

பதில்: கூடாது. அது ஷா டின் திடலுக்கான நிலையம். ஹாப்பி வேலியிலிருந்து மலைகளுக்கும் துறைமுகத்துக்கும் அப்பால் இருக்கிறது. வெளிநாட்டவர் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. கிழக்கு ரயில் தடத்தில் உள்ள அந்த நிலையம் பொதுவாகப் பந்தய நாட்களில் மட்டுமே இயங்கும். அந்நாட்களிலும் எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. அங்கே நிற்கும் ரயில்கள் ஃபோ டான் நிலையத்தைத் தொடாமல் செல்லும், மற்றவை ஃபோ டான் வழியே போய்விடும் என்பதால், நடைமேடை அறிவிப்பைக் கவனித்து ஏறுங்கள். தவறி ஃபோ டானில் இறங்கினாலும் கவலையில்லை, அங்கிருந்து நடந்துவிடலாம். 2022 மே மாதம் முதல் இந்தத் தடம் துறைமுகத்தைக் கடந்து அட்மிரால்டி வரை வருவதால், தீவில் தங்குவோருக்கும் இப்போது ஷா டின் எளிதாகிவிட்டது.

கேள்வி: ஆக்டோபஸ் அட்டை தேவையா?

பதில்: தேவை. பணம் ஏற்றிவைத்துக் கட்டணம் செலுத்தும் இந்த அட்டை மெட்ரோ, டிராம், பேருந்து அனைத்திலும் செல்லுபடியாகும். ஹாப்பி வேலியின் பொதுப் பகுதிக்கான 10 ஹாங்காங் டாலர் நுழைவுக் கட்டணத்தையும் அதிலேயே செலுத்திவிடலாம். சாதாரண அட்டைக்கு 50 டாலர் முன்பணம் உண்டு. ஊர் திரும்பும்போது அட்டையைக் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: பள்ளியில் படிக்கும் மகனையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: பந்தய நேரத்தில் 18 வயது நிரம்பாதவர்களைப் பொதுப் பகுதிக்குள் விடமாட்டார்கள். அவனை டிராமின் மேல்தளத்தில் உட்கார வைத்துத் திடலைச் சுற்றிக் காட்டலாம்.

கேள்வி: இரவுப் பந்தயம் முடிந்து திரும்புவதற்கு வண்டி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் கடைசிப் பந்தயம் பதினொரு மணியை நெருங்கித்தான் முடியும், கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் டிராம் நிறுத்தத்துக்கு வந்துவிடும். அதற்கு ஒரு பந்தயம் முன்பாகக் கிளம்புங்கள். இல்லையேல் வரிசையில் நிற்காமல் காஸ்வே பே வரை நடந்து மெட்ரோ பிடியுங்கள்.