வெப்பத்தடை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஐசியின் டேட்டாஷீட்டில் வெப்பத்தடை 5, 65 என்று இரண்டு எண் இருக்கிறது. எதை எடுப்பது? 12 வோல்ட் கொடுத்து அரை ஆம்பியர் எடுக்கிறேன்.

பதில்: இரண்டுக்கும் அலகு டிகிரி/வாட்தான் தம்பி, அதாவது ஒரு வாட் சூட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்ற கணக்கு. 5 என்பது உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து முதுகுத் தகடு வரை. 65, ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இல்லாமல் வெளிக்காற்று வரை. கணக்குப் போடுவோம். 12-இல் 5 போக 7 வோல்ட். அரை ஆம்பியருக்கு 3.5 வாட் சூடாகிறது. 65-ஆல் பெருக்கினால் 227 டிகிரி, அறைச்சூடு 35 சேர்த்தால் 262! அவ்வளவு தூரம் போகாது, ஐசி அதற்கு முன்பே தானாக அணைந்துவிடும். 10 டிகிரி/வாட் ஹீட் சிங்க் மாட்டுங்கள். ஐசிக்கு 5, இடையில் பூசும் வெப்பப் பேஸ்ட்டுக்கு 1, சிங்க்குக்கு 10, மொத்தம் 16. பெருக்கினால் 56, அறையோடு சேர்த்து 91. தாங்கும்.

கேள்வி: ஹீட் சிங்க்கில் கெல்வின்/வாட் என்று போட்டிருக்கிறது. 273 கழிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இது வெப்பநிலை வித்தியாசம். ஒரு கெல்வின் ஏறினாலும் ஒரு செல்சியஸ் ஏறினாலும் ஒன்றுதான்.

கேள்வி: பேஸ்ட் டப்பாவில் 8 வாட்/மீட்டர்-கெல்வின் என்று இருக்கிறதே, அதுவும் தடையா?

பதில்: அது கடத்துத்திறன், பொருளின் குணம். தடிமனை அதனாலும் பரப்பாலும் வகுத்தால்தான் தடை. அதனால்தான் பேஸ்ட் தடிமனானால் தடை கூடுகிறது. நானும் முதல் தடவை இட்லிக்குச் சட்னி மாதிரி அள்ளி அப்பியவன்தான். இப்போதெல்லாம் பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால் வழித்துவிடுகிறேன்.

கேள்வி: சார், மொட்டைமாடியில் 5 செ.மீ தெர்மாகோல் போடப்போகிறேன். கடைக்காரர் ஆர் மதிப்பு (வெப்பத்தடை) 1.4 என்கிறார். அமெரிக்க வீடியோக்களில் 13, 30 என்கிறார்களே, ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை சார், அலகுதான் வேறு. கட்டடத்துக்குப் பரப்பும் சேரும்: சதுரமீட்டர்-கெல்வின்/வாட். அமெரிக்காவில் சதுர அடி, ஃபாரன்ஹீட், பிடியு (அவர்களுடைய வெப்ப அலகு). நம்முடைய 1 அங்கே 5.68. உங்கள் 1.4 அங்கே 8. அவர்களுடைய 13 இங்கே 2.3. கடைக்காரர் சொன்னதும் சரிதான்: 0.05 மீட்டரைத் தெர்மாகோலின் கடத்துத்திறனான 0.036-ஆல் வகுத்தால் 1.4 வருகிறது. கான்கிரீட்டில் அதே தடை வேண்டுமென்றால் தளம் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும்! ஆனால் தெர்மாகோல் தீப்பிடிக்கும். அறைக்குள் திறந்தபடி ஒட்டாமல், தளத்துக்கு மேலே போட்டு ஓடு பதியுங்கள்.

கேள்வி: லண்டனில் வாங்கிய போர்வையில் 10.5 டாக் என்று இருக்கிறது. அது என்ன அண்ணா?

பதில்: அதுவும் இதே தடைதான். 1 டாக் என்பது 0.1 சதுரமீட்டர்-கெல்வின்/வாட். ஆக உங்கள் போர்வை 1.05, ஏறக்குறைய 4 செ.மீ தெர்மாகோல்.