அனபாப்டிஸ்ட் சபை பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: பிரதர், எனக்குக் கைக்குழந்தையா இருக்கும்போதே ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. அது செல்லாதா?

பதில்: மனசு நோகாதீங்க சிஸ்டர், உங்க அப்பா அம்மா ஜெபத்தோட செஞ்சத நான் குறைச்சுப் பேசல. ஆனா இயேசு பின்னால போறேன்னு அவங்கவங்களே வாய் தொறந்து சொல்லணும், தொட்டில்ல கிடக்கற புள்ளைக்காக இன்னொருத்தர் சொல்ல முடியாதுங்கறது எங்க விசுவாசம், அனபாப்டிஸ்ட்ங்கற பேருக்கே 'திரும்ப ஞானஸ்நானம் எடுக்கறவங்க'ன்னுதான் அர்த்தம். 1525 ஜனவரி 21 ராத்திரி சுவிட்சர்லாந்துல சூரிச் நகரத்துல, இந்த இயக்கத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஃபெலிக்ஸ் மான்ஸோட அம்மா வீட்டுல கூடினவங்க இதை நம்பித்தான் திரும்ப ஞானஸ்நானம் எடுத்தாங்க. ரெண்டு வருசத்துல மான்ஸக் கட்டி லிம்மாட் ஆத்துல முக்கிக் கொன்னுட்டாங்க, அதுவும் புரொட்டஸ்டன்ட் நகரசபையே, அதை நினைச்சா இன்னைக்கும் வலிக்குது.

கேள்வி: முழுக்கா, தலைல தண்ணி ஊத்தறதா?

பதில்: ரெண்டும் உண்டு. எங்கள்ல ஒரு பிரிவான மென்னொனைட் சபைகள்ல பெரும்பாலும் ஊத்துவாங்க, தெலங்கானால இருக்கற மென்னொனைட் பிரதரன் சபைக்காரங்க முழுக்கு.

கேள்வி: அடிக்க வர்றவன எதுக்கவே மாட்டீங்கன்னா அது கோழைத்தனம் இல்லையா அண்ணா?

பதில்: தம்பி, டிர்க் வில்லெம்ஸ் கதையக் கேட்டுட்டுச் சொல்லுங்க. 1569, நெதர்லாந்துல அஸ்பெரன் ஊர். விசுவாசத்துக்காக ஜெயில்ல இருந்தவரு துணிய முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா இறங்கி உறைஞ்ச தண்ணி மேல ஓடறாரு, துரத்திட்டு வந்தவன் ஐஸ் உடைஞ்சு உள்ள விழுந்துட்டான். இவரு தப்பிச்சாச்சு, அப்படியே போயிருக்கலாம், ஆனா திரும்பி வந்து அவனக் கரையேத்தி விட்டாரு. காப்பாத்தப்பட்டவனே விட்டுடலாம்னு சொல்லியும் கேக்காம பிடிச்சு, மே 16 அன்னைக்கு உயிரோட எரிச்சாங்க. கோழையா இருந்தா திரும்பி வந்திருப்பாரா? மலைப்பிரசங்கத்துல சத்துருவ நேசின்னு சொன்னத அவரு அப்படியே எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான்.

கேள்வி: ஜெர்மனில மியூன்ஸ்டர் நகரத்துல உங்காளுங்கதானே வாள் எடுத்தாங்க?

பதில்: ஆமா, மறைக்க மாட்டேன். 1534, 35ல நகரத்தையே பிடிச்சு, பலதார மணம் வரைக்கும் போய், ரத்தத்துல முடிஞ்சுது. அது பாவம். அதுக்கப்புறம் 1536ல பாதிரியார் வேலைய விட்டுட்டு வந்த மென்னோ சீமோன்ஸ்தான் சிதறிக் கிடந்தவங்களச் சேத்து சமாதான வழிக்குக் கொண்டுவந்தாரு, மென்னொனைட்ங்கற பேரே அவரால வந்ததுதான்.

கேள்வி: காலக் கழுவறீங்களாமே, கூச்சமா இருக்காதா?

பதில்: இருக்கும் சிஸ்டர். எல்லா சபைலயும் இல்ல, செய்யற இடத்துல திருவிருந்தோட சேந்து வரும். வழக்கமா ஆம்பளைங்க தனியா, பொம்பளைங்க தனியா, ஒரு தொட்டி, ஒரு துண்டு, ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவணும். யாரோடயாவது மனஸ்தாபம் இருந்தா திருவிருந்துக்கு முன்னாடியே போய்ப் பேசி ஒப்புரவாகிட்டு வரச் சொல்வாங்க. தண்ணிய விட அந்தப் பேச்சுதான் கஷ்டம்.